மூடியைத் தூக்கினால் அணையும்

சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோடு போட்ட ஒரு தாளை டாக்டர் என் மச்சானிடம் நீட்டினார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, தாளின் நடுவே உள்ள கறுப்புப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார். மச்சான் வெகுநேரம் பார்த்தார். பிறகு, தப்பான பதில் சொல்லிவிடக் கூடாதே என்ற தயக்கத்தோடு, "ஓரத்துல கோடெல்லாம் தெரியுது டாக்டர். நடுவுல புள்ளி ஒண்ணும் இல்லியே" என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். புள்ளி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என் காற்சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு வயர் கிடந்தது. அது என்னிடம் இருப்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு மூன்று வருடமும் தெரியவில்லை.

மச்சான் என் அக்காவின் கணவர். கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக மைக்ராஸ்கோப் வழியாக மின்னணுச் சில்லுகளைப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிற வேலை அவருக்கு. அதே பேட்டையில் இன்னொரு கம்பெனியில் நான் டெக்னீஷியன். மச்சானுக்குக் கையெழுத்து அச்சு வைத்தாற்போல இருக்கும். கோயில் அறிவிப்புப் பலகையில் சுண்ணக்கட்டியால் அவர் எழுதினால், அடுத்த திருவிழாவரை அதை அழிக்க யாருக்கும் மனம் வராது. பக்கத்து நகரமான சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் லேசர் கொண்டு மரப்பலகையில் பெயர் பொறிப்பதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு அதே பேச்சு. தமிழ் எழுத்தை அந்தக் கடைக்காரனுக்கு ஒழுங்காகப் பொறிக்கத் தெரியவில்லையாம். மெர்போக்கில் அவருடைய சித்தப்பாவின் தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரத்துண்டுகள் சும்மா கிடந்தன. "கண்ணு நல்லா இருக்கறப்பவே இந்த மைக்ராஸ்கோப்ப விட்டுட்டு வெளிய வந்துடணும் தம்பி" என்று அவர் என்னிடம் சொன்னது அவர்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், ஒரு மரத்துண்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே.

அந்த லேசர் மிஷினை மச்சான் தானே செய்யப் பார்த்தார். அதில் ஒளியை உமிழும் லேசர் டயோடு பல்பு மாதிரி இல்லை. பல்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் கொஞ்சம் கூட எரியும், அவ்வளவுதான். டயோடுக்கு ஓர் அளவுக்கு மேல் மின்னழுத்தம் இம்மி ஏறினாலும் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாயும். பாய்ந்தால் சூடாகும், சூடானால் இன்னும் இழுக்கும், கண்மூடித் திறப்பதற்குள் செத்துப்போகும். மச்சான் தருவித்த முதல் இரண்டு டயோடுகளும் அப்படித்தான் செத்தன. பழைய அடாப்டர் ஒன்றில் நேராக மாட்டியிருக்கிறார். மூன்றாவதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இதயும் கொன்னுட்டேன்னா ஒங்கக்கா என்ன உள்ள வுடமாட்டா லா" என்று சிரித்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்காகச் செலவழித்தேன். மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து நிறுத்தும் சர்க்யூட் ஒன்றைச் செய்தேன். சுவிட்சைப் போட்டதும் எகிறாமல் மெதுவாக ஏறும்படி வைத்தேன். அதை உடனே லேசர் டயோடில் மாட்டிவிடவில்லை. சாதாரண டயோடுகள் சிலவற்றை வரிசையாகக் கோத்து, கூட ஒரு ஓம் ரெசிஸ்டரையும் வைத்து, அந்தப் போலிச் சுமையில் அரைநாள் ஓடவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கபாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரத்தை வடித்தேன். என் உடம்பின் நிலைமின்சாரம் தாக்கிவிடாமல் மணிக்கட்டில் தரைப்பட்டை கட்டிக்கொண்டேன். டயோடின் கால்களை மெல்லிய கம்பியால் ஒன்றாகச் சுற்றிவைத்தே பற்றவைத்தேன். அடியில் அலுமினியக் கட்டி, பக்கத்தில் காற்றாடி. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவம் அது. அத்தனையும் டயோடு சாகாமல் இருப்பதற்காக. மனிதனின் கண்ணுக்கென்று நான் வைத்தவை மூன்றே மூன்று: லேசரின் நீல ஒளிக்கென்றே விற்கும் ஆரஞ்சு மூக்குக்கண்ணாடி ஒன்று, ஒளி வெளியே வராத ஒரு பலகைப் பெட்டி, அதன் மூடியில் ஒரு சின்ன சுவிட்ச்.

அந்த சுவிட்சைப் பற்றி மச்சானுக்குப் பலமுறை சொல்லிக்கொடுத்தேன். "மூடியத் தூக்கினா தானா அணைஞ்சிடும் மச்சான். நீங்க மறந்தாக்கூட அது மறக்காது." அவர் மூடியைத் தூக்கித் தூக்கி மூடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். வாசலில் நின்ற அக்கா பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் தம்பி கை பட்டா எதுவும் பிசகாது" என்றாள்.

கடைசி ஞாயிறன்று ஒளிக்கற்றை மரத்தில் கூராக விழவில்லை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால்தான் சரிசெய்ய முடியும். ஆரஞ்சுக் கண்ணாடியை நான் போட்டுக்கொண்டு, மூடி சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு சிவப்பு வயரால் இணைத்தேன். அப்படி இணைத்துவிட்டால் மூடி திறந்திருப்பது சர்க்யூட்டுக்குத் தெரியாது. வேலை முடிகிற நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. லைனில் மிஷின் நின்றுவிட்டது, உடனே வா என்றார்கள். மழை வேறு. பெட்டியை மூடிவிட்டு, "ரெடியாச்சு மச்சான்" என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வயரைக் கழற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும், அக்கா போன் செய்தாள். "டேய், மச்சானுக்குக் கண்ணு தெரியலங்கறாருடா. ஓடிவா."

நடந்தது இவ்வளவுதான். பலகையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தபோது மரம் நகர்ந்துவிட்டது. மச்சான் அதைத் திருப்பி வைக்க மூடியைத் தூக்கினார். ஆரஞ்சுக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. தூக்கினால் அணைந்துவிடும் என்பது அவருக்கு மனப்பாடம். அணையவில்லை. மரத்தைத் தாங்கிய எஃகு அளவுகோலில் பட்டுத் தெறித்த ஒளி வலது கண்ணுக்குள் போனது. வலி துளிகூட இல்லையாம். காமிரா பிளாஷைப் பார்த்தது போல இருந்ததாம்.

மருத்துவமனையில் அடையாள அட்டை கேட்டார்கள். "அவரு ஐசிய வுட்டுட்டு வந்துட்டோம், போயி எடுத்தாடா" என்று அக்கா என்னை அனுப்பினாள். வீட்டில் யாரும் இல்லை. அடையாள அட்டை டிவி மேல் இருந்தது. அதை எடுத்த கையோடு லேசர் பெட்டியருகே போனேன். சிவப்பு வயர் நான் மாட்டியபடியே இருந்தது. கழற்றினேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் டாக்டர் அறைக்குப் போனேன். திரும்பும் வழியில் ஒரு பாலத்தடியில் எறிந்தேன்.

அதைவிட மோசமான காரியம் ஒரு வாரம் கழித்து நடந்தது. பார்வையின் நடுப்பகுதி இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். மச்சான் என்னைப் பெட்டியருகே கூட்டிப்போனார். "தம்பி, அந்த சுவிட்சு போயிருச்சா பாரு." நான் டயோடைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீட்டரை வைத்து, மூடியைத் தூக்கினால் எண் பூஜ்யமாவதைக் காட்டினேன். அணைந்தது. மறுபடி தூக்கினேன். மறுபடியும் அணைந்தது. மச்சான் இடது கண்ணைச் சாய்த்து மீட்டரைப் பார்த்தார். "அப்ப நான்தான் சரியாத் தூக்கல போல" என்றார். நான் மீட்டரின் வயர்களைச் சுருட்டிக்கொண்டேன். அக்கா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் நடந்த அடுத்த கண் பரிசோதனைக்குப் பிறகு அவரை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்து, சரக்கைப் பெட்டியில் அடைக்கும் பகுதியில் போட்டார்கள். லேசரைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். அக்கா மாறிப்போனாள். குழம்பு சிந்தினால், சாவி காணாமல்போனால், பஸ் தவறினால், "பாத்து செய்ற புத்தி இருந்தா இந்த வீடு இப்படி ஆயிருக்குமா?" என்பாள். மச்சான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. தான் குற்றவாளி என்று நம்பிவிட்டவரின் பணிவு அது. நான் வாரம் தவறாமல் போய், அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் மச்சான் தண்ணீர் ஊற்றும்போது தம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டார். ஒரு கண்ணால் தூரம் பிடிபடவில்லை. எதிரே இருந்த உறவுக்காரர்களிடம் அக்கா, "இவரு கையில எதக் குடுத்தாலும் இதே கதிதான். என் தம்பி எவ்வளவு பத்தரமா செஞ்சு குடுத்தான் தெரியுமா?" என்றாள். மச்சான் சிரித்தபடி இலையைத் துடைத்தார். நான் பாதியிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

கை கழுவியதும் அவரை மண்டபத்துக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவர் கோபப்படவில்லை. "என்னா கலரு வயரு?" என்று கேட்டார்.

"செவப்பு, மச்சான்."

"நான் பாக்கலியே" என்றார். பிறகு, "டெய்லி அந்த மூடிய மனசுக்குள்ள தூக்கித் தூக்கிப் பாப்பேன் தம்பி. எவ்வளவு தூக்கினேன், எங்க கை வச்சேன்னு. ஒரு நாள்கூட வெளங்கல" என்றார். ஒரு மோட்டார் சைக்கிளின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கிட்ட சொல்லிட்ட. அவகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

அடுத்த ஞாயிறு போனேன். மச்சான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா அவருடைய சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. முடித்ததும்தான் நின்றது.

"ஐசி எடுக்க ஒன்ன நான்தானடா அனுப்பினேன்" என்றாள்.

"ஆமாக்கா."

"மூணு வருசமா அந்த மனுசன என்னென்ன பேசியிருக்கேன். நீ ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த."

மடித்த சட்டையை அவள் பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று கம்பெனி பஸ் நிற்கும் முனைவரை அவள் நடந்துபோய் மச்சானுக்காகக் காத்திருந்தாளாம். இரண்டு பேரும் சேர்ந்தே வீடுவரைக்கும் நடந்தார்களாம். மச்சான் பிறகு ஒருமுறை போனில் சொன்னார். "இப்ப நல்லாத் தூங்கறேன் தம்பி" என்றும் சொன்னார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு முறை வண்டியைத் திருப்பிவிட்டுப் பிறகுதான் போனேன். அக்கா கதவைத் திறந்தாள். திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்றெல்லாம் நினைத்து, அதற்குத் தயாராகத்தான் நின்றேன். நான் பிறந்ததிலிருந்து என்னை "டேய்" என்றே கூப்பிட்டவள் அவள். வழியை விட்டு ஒதுங்கி நின்று, "வாங்க" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?"