டொமினிக்கின் கிற்றார், அஞ்சலாவின் ட்ரம்

அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பறங்கிக் குடும்பமொன்றிடமிருந்து அந்த ட்ரம் செற்றை டொமினிக் தனக்கென்றுதான் வாங்கினான். கை படிந்ததோ அக்கா அஞ்சலாவுக்கு. புளியந்தீவில் தையல் வகுப்பு நடத்துபவள், பின்னேரமானால் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவன் கிற்றாரைப் பழைய ரேடியோவோடு இணைத்து வாசிப்பான். கிழிந்த ஸ்பீக்கர் கரகரக்கும். அந்தக் கரகரப்புத்தான் இருவருக்கும் பிடித்தது. வேறு வாத்தியக்காரரை அவர்கள் தேடவேயில்லை.

1971இல், கல்லடியில் வாவிக்கரையோரம் மாமாவின் நெல் ஸ்டோர் வெறுமையாய்க் கிடந்தபோது, அங்கே ரேப் ரெக்கோடரைக் கொண்டுபோய்ப் பாடல்களைப் பதிந்தார்கள். ஒரே மைக், கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கும். சத்தம் கூடினால் மைக்கைத் தொடமாட்டார்கள். அஞ்சலாதான் ட்ரம்மோடு பின்னுக்குத் தள்ளி உட்காருவாள். வெறுஞ்சுவர்கள் அவள் அடியை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பித் தரும். பிழைத்தால் வெட்டி ஒட்டுவதில்லை, முதலிலிருந்து மறுபடி. உற்சாகத்தில் அவள் அடி சற்று முந்தும். டொமினிக் பாடிக்கொண்டே அவளைத் துரத்துவான். பாட்டின் உயிரே அந்தத் துரத்தலில்தான் இருந்தது.

அவர்கள் அனுப்பிய ரேப்பைக் கேட்ட கொழும்பு இசைத்தட்டுக் கம்பனியொன்று இருவரையும் அழைத்தது. போனதும் ஒலிப்பதிவுக்காரர் டொமினிக்கைத் தனியே கூப்பிட்டார்.

"பாட்டு நல்லம் தம்பி. ட்ரம்முக்கு எங்கட ஆள் இருக்கிறார், தாளம் பிசகமாட்டார். அக்கா வெளியில இருக்கட்டும்."

கதவு திறந்தே இருந்தது. அஞ்சலா தம்பியின் வாயையே பார்த்து நின்றாள்.

"சரி சேர்," என்றான் அவன்.

இசைத்தட்டு வந்த நாளில் வீடு நிறையச் சனம். கரகரப்பு இல்லாமல் பாட்டு வழுவழுவென்று ஓடியது.

"எப்பிடி அக்கா?"

"நல்லா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் தேத்தண்ணி ஊற்றப் போனாள். ஏசியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

தட்டு விற்கவில்லை. கொழும்பிலேயே தங்கி யார் யாரோடோ வாசித்துத் திரிந்தவன், இரண்டு வருஷத்தில் கன்னம் ஒட்டித் திரும்பினான்.

"திரும்பப் பதிவமா அக்கா?"

அவள் ட்ரம்மைத் தூசி தட்டினாள். ஸ்டோரில் மூட்டைகள் அடுக்கியிருந்ததால் வீட்டிலேயே தொடங்கினார்கள். அடி ஒவ்வொன்றும் அளந்து வைத்ததுபோல் விழுந்தது. அவள் முந்துவாள் என்று டொமினிக் காத்திருந்தான். முந்தவில்லை. பாதியில் பாட்டை நிறுத்தினான்.

"நீ இப்பிடி அடிக்கிறதில்லையே அக்கா?"

"இப்பிடித்தானே அவங்களுக்குப் பிடிச்சது? நீ இல்லாத நேரம் அந்தத் தட்டைப் போட்டுப் போட்டுத்தான் பழகினன்."

"அது வேணாம். பழையபடி அடி."

அவள் குச்சிகளைத் தூக்கினாள். நாலைந்து அடி அடித்தாள், மறுபடி அடித்துப் பார்த்தாள்.

"வருதில்லடா தம்பி."

டொமினிக் எழுந்து ரெக்கோடரை நிற்பாட்டினான். அதன்பிறகு அவர்கள் சேர்ந்து வாசிக்கவில்லை.