பத்து நிமிடத் துட்டி

எங்கள் பக்கத்தில் சாவு விசாரிக்கப் போவதைத் துட்டிக்குப் போவது என்பார்கள். சட்டமன்றத்தில் நான் என்ன பேசினேன் என்று என் தொகுதியில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. துட்டிக்கு வந்தேனா என்று மட்டும் கேட்பார்கள். அப்பாவுக்கு வந்தார், மாமியாருக்கு வரவில்லை என்று வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள். பத்தொன்பது வருடம் போதகராக இருந்தேன். அதில் இருந்தபடியே கவுன்சிலர், பேரூராட்சித் தலைவர் ஆனேன், இப்போது எம்.எல்.ஏ. பதவிதான் மாறியது, வேலை என்னவோ சாவு வீட்டு வாசலில் நிற்பதுதான். சலித்துப்போய்ச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், சலித்துப்போய்த்தான் சொல்கிறேன்.

நான் அரசியலுக்கு வந்ததே ஒரு பிணத்தால்தான். அப்போது நான் போதகராக இருந்த ஊரில் சபைக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு, அதற்குப் போக வழி கிடையாது. நடுவில் நெல் வயல். அறுப்பு முடிந்தபின் யாராவது செத்தால் பிழைத்தோம். நடவு சமயத்தில் செத்தால் வரப்பு மேல் ஒற்றை வரிசையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு மழை நாளில் பெட்டி சரிந்து வயலுக்குள் விழுந்துவிட்டது. செத்தவரின் மகன் முழங்கால் சேற்றில் இறங்கி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். மறுநாளிலிருந்து மனு எழுத ஆரம்பித்தேன். மூன்று வருடம் அலைந்தேன். போன ஆபீசில் எல்லாம் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள், வழி மட்டும் கொடுக்கவில்லை.

கடைசியில் அந்த வயல்காரர்தான் யோசனை சொன்னார். அவர் எங்கள் சபைக்காரர் இல்லை. நீங்களே கவுன்சிலருக்கு நின்றுவிடுங்கள், பேரூராட்சி முறையாகக் கேட்டால் ஓரமாக இடம் விடுகிறேன் என்றார். சுயேச்சையாக நின்றேன். எனக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. இந்த வழுக்கைத் தலையை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சீப்புக்கு ஓட்டுக் கேட்டேன். சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்கள். கல்லறைக்குத் தார் ரோடு வந்தது. என் அரசியல் வாழ்க்கையில் முழுசாகச் செய்து முடித்த காரியம் எது என்று கேட்டால் அந்த ரோட்டைத்தான் காட்டுவேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் நிறுத்துகிறார்கள்?

அடுத்த முறை பேரூராட்சித் தலைவர் ஆனேன். அதற்கடுத்து ஒரு கட்சி வீடு தேடி வந்து எம்.எல்.ஏ. சீட்டு தருகிறோம் என்றது. பேராயர் என்னைக் கூப்பிட்டு, பிரசங்க பீடமா பிரசார வேனா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஒரு மாதம் தூங்காமல் கிடந்து, ஊழியத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன்.

அதை அக்காவிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. அம்மா சாகும்போது எனக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினைந்து. ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குக் கூலிக்குப் போய், கொடிகளைக் கவாத்து வெட்டியும் பழம் பறித்தும் என்னை வளர்த்தவள் அவள்தான். வேதாகமக் கல்லூரிக்கு நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியை அவளே தூக்கி வந்தாள். அங்கி போட்டு முதல் ஆராதனை நடத்தியபோது முன்வரிசையில் உட்கார்ந்து, பாட்டு எது பிரசங்கம் எது என்று பார்க்காமல் அழுதுகொண்டே இருந்தாள். அந்த அங்கியைக் கழற்றப்போகிறேன் என்று அவளிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏலே, நீ அங்கியப் போடு, கட்சித் துண்டப் போடு, எதையோ போட்டுத் தொலை. நான் செத்தா நீதான் ஜெபம் பண்ணி எனக்கு மண்ணு போடணும். வேற எவனும் பண்ணுனா பெட்டியில இருந்து எந்திரிச்சு வந்துருவேன்."

சரிக்கா என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். சத்தியம் செய்யாதீர்கள் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்தவன்தான், ஆனாலும் அது சத்தியம்தான்.

எம்.எல்.ஏ. ஆன பிறகு என் துட்டி மாறிப்போனது. போதகராக இருந்தபோது ஒரு சாவு என்றால் எனக்கு ஒரு முழு நாள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் போனால், மண் மூடியபின் வீட்டுக்குத் திரும்பி வந்து, அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வாய் கஞ்சி குடிக்கும் வரை கூட உட்கார்ந்திருப்பேன். எம்.எல்.ஏ.வுக்கு அது முடியுமா? கட்சியில் ஒருவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், ஐயா, பத்து நிமிசம் போதும், நீங்க வந்தீகளாங்கிறதுதான் பேச்சு என்று. தெருமுனையில் காரை நிறுத்தி நடந்து போக வேண்டும். மாலை போட்டு, கும்பிட்டு, வீட்டில் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கொஞ்சம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடலாம். துட்டி வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது வழக்கம். என்னைப் போன்ற ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மற்றதிலும் இப்படித்தான். திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டேன், சபையில் முணுமுணுத்தார்கள். வேண்டாம் என்றிருந்தால் கோயிலில் முணுமுணுத்திருப்பார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்னைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது என்னிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. ஓடைப்பட்டிக்குப் போனாலும் அக்கா வீட்டில் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசிவிட்டு வந்த நாட்கள் உண்டு.

அக்கா போய்விட்டாள் என்று அவள் மகள் சென்னைக்குப் போன் செய்தபோது சட்டசபை நடந்துகொண்டிருந்தது. விடியும்போது மதுரையில் வந்து இறங்கினேன். என் மனைவி முன்னதாகவே ஓடைப்பட்டிக்குப் போயிருந்தாள். காரில் ஏறியதும் உதவியாளர் போனில் அன்றைய பட்டியலை அனுப்பியிருந்தார். ஆண்டிபட்டி, ஓடைப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கம்பம். எல்லாம் துட்டி. ஓடைப்பட்டிக்கு நேரே 'ஐயாவின் அக்கா' என்று போட்டிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிப் பட்டியல் போடப் பழக்கியவன் நான்தான்.

ஆண்டிபட்டியில் கட்சிக்காரர் ஒருவரின் அப்பா. வழியில்தானே என்று இறங்கினேன். தேனியில் ஒரு ஜவுளிக்கடையை நேரத்தோடு திறக்கச் சொல்லி, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்தேன். அது பிறந்த வீட்டுக் கோடி. செத்தவளுக்கு உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தும் புதுச்சேலை. வேதம் மாறினாலும் எங்கள் குடும்பங்களில் இந்த வழக்கம் மாறவில்லை, கோடி விழாமல் பெட்டியை மூட மாட்டார்கள். டிரைவர் அதை வாங்கி டிக்கியில் மாலைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஓடைப்பட்டியில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். தெருமுனையில் இறங்கி நடந்தேன். டிரைவர் கையில் கொடுத்த மாலையை அக்காவுக்குப் போட்டேன். முகம் சின்னதாகிப் போயிருந்தது. பெண்கள் ஓலமிட்டார்கள். யாரோ தோளைப் பிடித்து வெளியே ஆண்கள் பக்கம் அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இளவயதுப் போதகர் வந்து, அடக்க ஆராதனையை நீங்களே நடத்துங்கள் ஐயா, அக்கா என்னிடமும் சொல்லியிருந்தார்கள் என்றார். தலையாட்டினேன். ஒருவர் முதியோர் பென்சன் நின்றுபோனதைச் சொன்னார். இன்னொருவர் தெருக்குழாய். பார்ப்போம் என்றேன். பிறகு என்ன நடந்தது என்று எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கே விளங்கவில்லை. என் கால்களுக்குப் பத்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று தெரியும். எழுந்தேன், எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன், ஒன்றும் சொல்லாமல் நடந்தேன். டிரைவர் காரைத் திருப்பி நிறுத்தியிருந்தார். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டேன்.

காமயகவுண்டன்பட்டியில் மாலை போட்டுக் கும்பிட்டேன். செத்தவரின் அண்ணன், வயசாளி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அக்காவும் தவறிட்டாகன்னு சொன்னாகய்யா. அங்கன எடுத்தாச்சா?"

எடுத்துவிட்டுத்தான் வந்திருப்பேன் என்று அந்த மனுஷர் நினைத்திருக்கிறார். வேறு எப்படி நினைப்பார்? அக்காவை அடக்கம் செய்யாமல் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கையை உருவிக்கொண்டு காருக்கு ஓடினேன். டிரைவர் டிக்கியை மூடிக்கொண்டிருந்தார். உள்ளே கடைப்பையில் கோடிச்சேலை அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகமும் மாறிவிட்டது. நீங்கள் ஏறினீர்கள், நான் வண்டியை எடுத்தேன் ஐயா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பேசாமல் ஓட்டச் சொன்னேன்.

திரும்பிப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். பெட்டி திறந்தபடியே இருந்தது. நான் போட்ட மாலை வாடியிருந்தது. போதகர் அங்கியோடு வியர்த்துப்போய் நின்றார். எங்கே போனாய் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. என்னவோ அவசர வேலை என்று அவர்களே முடிவு செய்து வழி விட்டார்கள். என் மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். சேலையை விரித்து அக்காவுக்குப் போர்த்தினேன். பெட்டியை மூடினார்கள்.

ஜெபத்தை நான்தான் செய்தேன். புத்தகத்தைப் பார்க்காமல் எத்தனையோ பேரை அடக்கம் செய்தவன், அன்று வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தேன். மண் போட்டேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு வீட்டில் அக்கா மகளிடம் போனேன். சண்டை போடுவாள், நாலு பேர் முன்னால் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. ஏன் எனக்கு ஒரு போன் அடிக்கவில்லை என்று நானே கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"அம்மா முன்னாடியே சொல்லிருச்சு மாமா. தம்பிக்கு நெறைய துட்டி வீடு இருக்கும், வந்தா பத்து நிமிசந்தான் இருப்பான், அதுக்குள்ள கோடியப் போத்தி எடுத்துருங்க, அவனப் பிடிச்சு வைக்காதீகன்னு. நாங்கதான் போடில இருந்து அத்தை வரட்டும்னு லேட் பண்ணிட்டோம். மன்னிச்சுக்கங்க மாமா."

காலையிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.