கோயிலைச் சுற்றிய நாலு சில்லு வண்டி

சிவப்பு விளக்குக்கு என் மாமாவைப் போலப் பயந்த ஒருவரை நான் இன்றுவரை கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் தெரு முழுவதும் நித்திரையாகக் கிடக்கும் நேரத்தில், இரண்டு பக்கமும் ஒரு சைக்கிள்கூட வராவிட்டாலும், பச்சை வரும்வரை அசையாமல் நிற்பார். அவர் கையைப் பிடித்திருக்கும் நானும் நிற்க வேண்டும். “எங்கட பேர் ஒரு கடுதாசியிலும் பிழையா ஏறக்கூடாது பிள்ளை” என்பார். அப்படிப்பட்ட மனிதரின் பேரைப் பொலிஸார் வழக்கென்று எழுதிக்கொண்டு போனதை நினைத்தால், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்ட இந்த வயதிலும் என் நெஞ்சு திடுக்கிடுகிறது.

மாமா என்றால் அப்பாவின் தங்கையின் கணவர். மாமியும் அவரும் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தார்கள். அகதியாக வந்த அவருக்கு இந்த நாடு ஒரு நீலப் பயணப் புத்தகம் கொடுத்திருந்தது. அதைக் கொண்டு உலகமெல்லாம் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக ஏலாது. அந்த வரியை உள்ளேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். மாமாவுக்குப் போக வேண்டிய இடமோ அது ஒன்றுதான். தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்த அக்கா யாழ்ப்பாணத்தில் சலரோகம், அதுதான் சீனி வியாதி, முற்றிப் படுக்கையில் கிடந்தா. மாமா ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு, கேட்ட கடுதாசி எல்லாம் கொடுத்து முடித்திருந்தார். இன்னும் மூன்று மாதம் என்று அரசாங்கக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். பாஸ்போட் கைக்கு வந்த கிழமையே விமானம் ஏறுவது என்று ரிக்கற் விலையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார்.

இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா ஏதோ ஒரு கடிதத்துக்குக் காத்திருக்கிறார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது டொச், அதாவது ஜெர்மன் மொழி. வேலைத்தலத்துக்குப் போதுமான டொச் மாமாவுக்கும் வரும், ஆனால் சட்டம் கேட்பதென்றால் என்னைத்தான் முன்னுக்கு விடுவார். டொக்டரிடம், வங்கியில், நகரசபையில் எங்கள் குடும்பத்தின் வாய் நான்தான். “கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேணும்” என்று அப்பா என்னைப் பழக்கியிருந்தார். அதில் எனக்குப் பெரிய பெருமை.

நகரத்துக்கு வெளியே ஒரு விவசாயியிடம் மாமா துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துப் பூசணியும் மிளகாயும் போட்டிருந்தார். தண்ணீரும் எருவும் சுமந்து அவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அந்த விவசாயி தன்னுடைய பழைய குவாட் வண்டியை மலிவாகத் தருவதாகச் சொன்னார். மோட்டார் சைக்கிள் போலக் கைபிடி, அதற்குக் கீழே தடித்த ரயர் போட்ட நாலு சில்லு, பின்னால் எரு ஏற்ற ஒரு தட்டு. நம்பர் பிளேட் இல்லை.

மாமா என்னைக் கொண்டு மூன்று தரம் கேட்பித்தார். விவசாயி மூன்று தரமும் அதே பதிலைச் சொன்னார். வேலிக்குள்ளே எவ்வளவும் ஓடலாம், பதிவும் வேண்டாம், இன்சூரன்சும் வேண்டாம். தார் றோட்டில் மட்டும் சில்லு படக்கூடாது. நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மாமா அப்பாவின் காரில் இழுவைப் பெட்டியைக் கொளுவி, அதற்குள் வண்டியை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். கட்டிவிட்டுக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

தோட்டத்துக்குப் போகும் முன் வண்டி கோயிலுக்குப் போயிற்று. புது வாகனமோ பழைய வாகனமோ, அம்மனுக்குக் காட்டாமல் ஓட்டுவது எங்கள் ஆட்களிடம் இல்லை.

கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. முந்தி அது ஒரு பண்டகசாலை. ஒரு பக்கம் ரயர் கடை, மற்றப் பக்கம் தரைஓடு விற்கிற இடம், முன்னால் பத்துக் கார் விடக்கூடிய வளவு, அதற்கு ஒரு இரும்புக் கேற். அம்மனைச் சுற்றி வருவதென்றால் அந்தக் கட்டடங்களைச் சுற்றிப் போகிற தார் றோட்டால்தான் வர வேண்டும். திருவிழாவில் அம்மன் அதால்தான் வருவா. ஆண்கள் அந்தத் தாரிலே உருண்டு பிரதட்டை பண்ணுவார்கள், பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடி அழிப்பார்கள். அதற்காக விடியவே றோட்டைக் கூட்டிக் கழுவுவோம். எங்கள் வாயில் அதன் பேர் கோயில் வீதி. அந்தத் தெருவுக்கு நகரசபை வைத்த பேர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம். ஐயர் வண்டிக்குத் திருநீறும் சந்தனமும் பூசி, கைபிடியில் மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். மாமா ஏறியிருந்து இயந்திரத்தைத் தட்டி மெல்ல முன்னுக்கு எடுத்தார். தேசிக்காய் நாலும் நசிந்தன.

“அப்பிடியே அம்மனை ஒருக்கா சுத்திக்கொண்டு வாங்கோ” என்றார் ஐயர்.

சிவப்பு விளக்கில் சிலையாக நிற்கிற மனிதர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கேற்றைத் தாண்டி வலப் பக்கம் திருப்பிப் போய்விட்டார். அப்பாவும் தடுக்கவில்லை, மாமியும் தடுக்கவில்லை. சட்டத்தை மீறும் எண்ணம் அந்த இடத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை என்று அம்பாள் அறியச் சொல்வேன். அவர் ஜெர்மன் றோட்டில் ஓடுவதாக நினைக்கவேயில்லை. கோயில் வீதியில் போனார்.

திரும்பி வந்ததும் நான் குளறத் தொடங்கினேன். “என்னையும் ஏத்துங்கோ மாமா! ஒருக்கா, ஒரே ஒருக்கா!”

“ஏத்திக்கொண்டு போங்கோவன், இல்லாட்டி இவள் இண்டைக்கு எங்களை விடமாட்டாள்” என்றா மாமி.

மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நானும் ஒரு சுற்று வந்தேன். மாலைப் பூ முகத்தில் அடித்தது. ரயர் கடைக்காரர் கை காட்டினார். திரும்பி வந்து கேற்றடியில் மாமா இயந்திரத்தை நிறுத்தினார். முன் சில்லு இரண்டும் வளவுக்குள், பின் சில்லு இரண்டும் றோட்டில். நான் இறங்கி நிற்கிறேன், மூலையால் பொலிஸ் கார் திரும்புகிறது.

ஒரு வயதான பொலிஸ்காரரும் ஒரு இளம் பொலிஸ்காரியும் இறங்கினார்கள். மாமாவின் முகத்தில் இரத்தமே இல்லை. கோயில் தலைவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு நல்ல டொச் வரும். இது ஓடவில்லை, ஆசீர்வாதத்துக்காகத் தள்ளிக்கொண்டு வந்தோம், இனி இழுவைப் பெட்டியில் ஏற்றப் போகிறோம் என்றார். இழுவைப் பெட்டியும் அங்கே நின்றது. பொலிஸ்காரி மாலையைப் பார்த்தா, நசிந்த தேசிக்காயைப் பார்த்தா. சிரிப்பு வந்துவிட்டது. சரி, உள்ளே தள்ளி ஏற்றுங்கள், றோட்டில் ஓட்ட வேண்டாம் என்றா. வயதானவர் காருக்குத் திரும்பி நடந்தார். மாமி வாய்க்குள் “அம்மாளாச்சி, அம்மாளாச்சி” என்று சொல்லிக்கொண்டிருந்தா.

அப்போது அந்தப் பொலிஸ்காரி என்னிடம் குனிந்தா. அன்பாகத்தான் கேட்டா. வண்டி உனக்குப் பிடித்திருக்கிறதா?

கேள்வி எனக்கு. பதில் சொல்வது என் வேலை. நல்ல தெளிவான டொச்சில் சொன்னேன். மிகவும் பிடித்திருக்கிறது, மாமா முதலில் தனியாக ஒரு சுற்று ஓடினார், பிறகு என்னை ஏற்றி ஒரு சுற்று ஓடினார், அந்த ரயர் கடைக்குப் பின்னால் போய் முழுவதும் சுற்றி வந்தோம். கையால் வழியையும் காட்டினேன்.

 மாமி அப்படியே வளவுச் சீமெந்துக் கட்டில் குந்திவிட்டா. என் தோளில் இருந்த அப்பாவின் கை விலகியது. பொலிஸ்காரியின் சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. அவவுக்கும் அதைக் கேட்க விருப்பமில்லை என்று இப்போது நினைக்கிறேன். வயதானவர் எழுதுகிற கடுதாசிக் கட்டோடு திரும்பி வந்தார்.

அவர் சொன்னதை நான்தான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். “மாமா, இது பைன் கட்டிப்போட்டுப் போற விசயம் இல்லையாம். பதிவும் இன்சூரன்சும் இல்லாமல் றோட்டிலை ஓடினது வழக்காம்.”

தலைவர் குறுக்கிட்டார். இது எங்கள் அம்மனுடைய வீதி, அம்மனே இதால்தான் வருகிறா என்றார். அது வருசத்தில் ஒரு நாளைக்குக் கொடுக்கிற அனுமதி, மற்ற நாளெல்லாம் இது நகரத்தின் றோட்டு என்றார் பொலிஸ்காரர். சரி, இந்த வளவாவது எங்களுடையதுதானே என்றார் தலைவர். இந்தக் கேற்றால் யாரும் வரலாமா என்று பொலிஸ்காரர் கேட்டார். தலைவர் நெஞ்சை நிமிர்த்தி, அம்மன் வாசல் எல்லோருக்கும் திறந்தே இருக்கும் என்றார். அப்படியென்றால் இதுவும் பொது றோட்டுத்தான் என்று அவர் எழுதிக்கொண்டார்.

 வேலிக்குள் எரு சுமக்கிற ஒரு வண்டி, கோயிலைச் சுற்றியதால் வழக்கு வாகனமாகிவிட்டது.

பொலிஸ்காரர் கேட்டார், ஓட்டியது யார்?

அப்பா மாமாவின் காதுக்குக் கிட்டப் போனார். “மச்சான், நீர் பேசாமல் நில்லும். எந்த மாமா எண்டு அவங்களுக்குத் தெரியாது. பிள்ளைக்கு என்ரை பேரைச் சொல்லிக் குடுப்பம். எனக்கு ஜெர்மன் பாஸ்போட் வந்திட்டுது. எனக்கு என்ன செய்யப்போறாங்கள்?”

மாமா உள்ளே பார்த்தார். கதவு திறந்திருந்தது, தீபம் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

“வேண்டாம் மச்சான். அம்மாளாச்சி பாத்துக்கொண்டிருக்கிறா. பிள்ளை உண்மையைச் சொல்லிப்போட்டு நிக்குது. அதின்ரை வாயாலை நாங்கள் பொய் சொல்லுவிக்கிறதோ?”

பிறகு என் தலையைத் தடவினார். “சொல்லு பிள்ளை. மாமாதான் ஓடினவர் எண்டு சொல்லு.”

சொன்னேன். உன் டொச் மிகவும் நன்றாக இருக்கிறது என்று பொலிஸ்காரி சொன்னா. அவவின் குரல் ஒருமாதிரி இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றைக்கு வீட்டில் ஒருவரும் என்னை ஏசவில்லை. மாமி மட்டும் ஒருக்கால் “உன்ரை வாய் இருக்கே” என்று தொடங்கினா. மாமா கையை உயர்த்தி, “பிள்ளையை ஒண்டும் சொல்லக்கூடாது” என்றார். அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு கடிதத்தை மட்டும் என்னிடம் தராமல் தலைவரிடம் கொண்டுபோய் வாசித்தார்கள். வழக்கு முடியும்வரை குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அதில் இருந்ததாம். மாமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விரதம் இருந்தார். குவாட் வண்டி தோட்டத்துக் கொட்டிலுக்குள் மாலை காய்ந்தபடி நின்றது. எருவை அவர் பழையபடி தோளில் சுமந்தார்.

கோடை போயிற்று, இலையெல்லாம் கொட்டிப் பனியும் வந்தது. அக்காவின் ஒரு காலை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு நாள் போன் வந்தது. பிறகு தை மாதத்தில் மற்றப் போன் வந்தது.

செத்தவீட்டை மாமா தொலைபேசியில்தான் கேட்டார். அங்கே யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பறைச் சத்தமும் பெண்கள் அழுகிற சத்தமும் எங்கள் அறைவரைக்கும் வந்தது. “எடுக்கினமோ? இப்ப பிரேதம் எடுக்கினமோ?” என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போய்த் தலையில் குளிர் தண்ணீரை வார்த்துக்கொண்டு நின்றார். மாமாவின் அக்கா செத்துப்போனா, அதுதான் மாமா அழுகிறார் என்று எனக்கும் விளங்கியது. அவ்வளவுதான் விளங்கியது.

அக்காவின் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த மூன்றாம் நாள், நான் பள்ளிக்கூடத்தால் வருகிறேன், மாமா எங்கள் குசினி மேசையில் தனியாக இருக்கிறார். முன்னால் உடைக்காத ஒரு கடிதம். அம்மாவும் மாமியும் கடைக்குப் போயிருந்தார்கள்.

“வாசி பிள்ளை” என்றார்.

நீதிமன்றத்தால் வந்த கடிதம். எழுத்துக் கூட்டி வாசித்து, ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். ஓடிய தூரம் சிறியது, ஒருவருக்கும் சேதமில்லை, இதற்கு முன் இவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை, ஆகவே வழக்கைக் கைவிடுகிறோம், தண்டனை ஒன்றுமில்லை. நான் கதிரையால் எழும்பிக் குதித்தேன். “மாமா, ஒண்டுமில்லையாம்! எல்லாம் முடிஞ்சுதாம்! இதுதானே நீங்கள் காத்துக்கொண்டிருந்த கடிதம்!”

மாமா “ஓம்” என்றார். மேசையைப் பார்த்தபடி இருந்தார். முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை.

நான் எங்கேயோ பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். கடிதத்தை நேராகப் பிடித்து, முதல் வரியிலிருந்து, இன்னும் மெதுவாக, இன்னும் உரத்து, ஒரு சொல்லும் விடாமல் மறுபடியும் வாசித்துக் காட்டத் தொடங்கினேன்.