பத்து என்று நான் எழுதிய இரத்தம்

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருந்த கலரிமீட்டர் பாண், அதாவது ரொட்டி, வைக்கும் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சிறிய விளக்கு, அதன் முன்னால் பச்சைக் கண்ணாடி. அதற்கு அப்பால் கண்ணாடிக் குழாயில் கரைசலை வைத்தால், எவ்வளவு ஒளி மறுபக்கம் வந்து சேர்கிறது என்று இயந்திரம் பார்க்கும். ஒரு துளி இரத்தத்தை மருந்தில் கலந்தால் செம்பழுப்பு நிறம் வரும். ஈமோகுளோபின் கூடக்கூட அந்த நிறம் அடர்ந்து, ஒளியை அதிகமாக உறிஞ்சும். இரத்தம் வற்றிய பெண்ணின் கரைசலில் ஒளி தடையில்லாமல் வெளியே வந்துவிடும். இரண்டு மடங்கு செறிவு என்றால் இரண்டு மடங்கு உறிஞ்சல். அவ்வளவு நேரான கணக்கு.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்த கரைசல் ஒன்று வேண்டும். எங்களிடம் பதினைந்து என்று அளவு குறித்த நியமக் கரைசல் போத்தல் இருந்தது. காலையில் முதல் வேலை, அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பது. மற்றவர்களின் கணக்கெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். அது பிழைத்தால் அன்றைக்கு எல்லாமே பிழை.

நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றுபோன, பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம் அது. ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள் நான் ஒருத்திதான். ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து, படித்து, அந்த வெள்ளை மேலங்கியைப் போட்டவள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் நடந்த அன்று பதினொரு பெண்கள் தோட்டங்களிலிருந்து வந்திருந்தார்கள். கரண்ட் வர பத்தரை ஆகிவிட்டது. பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு வேறு பஸ் இல்லை.

"தங்கச்சி, கொஞ்சம் சுறுக்கா பாருங்க. இவங்க நடந்துதான் போகணும் அப்புறம்" என்று பிரசவம் பார்க்கும் மருத்துவமாது வாசலில் நின்று சொன்னார்.

நான் சுறுக்காகப் பார்த்தேன்.

கடைசியாக இருந்தவர் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். மூன்றாவது பிள்ளை, எட்டு மாதம். உதடு வெளுத்திருந்தது. அவருடைய கிளினிக் கார்டில் பத்து என்று எழுதிக் கொடுத்தேன். பத்து என்றால் கொஞ்சம் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை.

"அப்ப ஏன் மிஸ் எந்திரிச்சு நின்னா கண்ண இருட்டிக்கிட்டு வருது?"

"காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

"அதான். சாப்பிட்டுட்டு மாத்திரையப் போடுங்க. சரியாயிரும்."

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மின்வெட்டு இல்லை. வழக்கம்போல இயந்திரத்தைப் போட்டு, விளக்கு நிலைக்கு வரக் கால் மணி நேரம் காத்திருந்து, நியமக் கரைசலை வைத்தேன். புள்ளி நாற்பது காட்டியது. பதிவுப் புத்தகத்தில் எழுதப் போனபோதுதான் மேல் வரியைப் பார்த்தேன். முதல் நாள், என் கையெழுத்தில், புள்ளி இருபத்தேழு. அதற்கு முந்திய நாட்களில் எல்லாம் நாற்பதை ஒட்டியே இருந்தது.

நடந்தது உடனே விளங்கிவிட்டது. கரண்ட் வந்ததும் விளக்கு முழு வெளிச்சத்துக்கு வரும்முன்பே, இரத்தம் கலக்காத வெறும் மருந்தை வைத்துப் பூச்சியத்தைச் சரிபண்ணியிருக்கிறேன். நியமக் கரைசலை வைத்த நேரத்துக்குள் விளக்கு பிரகாசமாகிவிட்டது. கூடுதலாக வந்த ஒளியைப் பார்த்து, கரைசல் குறைவாக உறிஞ்சுகிறது என்று இயந்திரம் சொல்லிவிட்டது. பெண்களின் இரத்தத்தை வைக்கும்முன் திரும்பப் பூச்சியம் பண்ணியதால் அந்த எண்கள் சரி. ஒப்பிட்ட எண்தான் பொய். பதினொரு பேரின் இரத்தத்தையும் நான் காகிதத்தில் கூட்டிவிட்டேன்.

நமுனுகுலப் பெண்ணின் கரைசல் உறிஞ்சியது புள்ளி பதினெட்டு. அதைப் புள்ளி இருபத்தேழால் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் பத்து. புள்ளி நாற்பதால் வகுத்து அதேபோலப் பெருக்கிப் பார்த்தேன். ஆறே முக்கால். குளிர்பெட்டியில் அவருடைய குழாய் இருந்தது. எடுத்துப் புதிதாகக் கலந்து பார்த்தேன். ஏழைத் தொடவில்லை. இன்னொரு தடவையும் பார்த்தேன்.

டொக்டரிடம் ஓடினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். புத்தகத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"உந்த நிலைமையில பிள்ளை பெத்தால், கொஞ்ச இரத்தம் போனாலே தாங்கமாட்டா. ஆளைப் பிடியும் முதல்ல."

கார்டில் எழுதியிருந்த ஃபோன் நம்பர் வேலை செய்யவில்லை. ஆஸ்பத்திரி வண்டி வேறொரு நோயாளியோடு பதுளைக்குப் போயிருந்தது. மற்றப் பத்துப் பேரையும் தேடித் திரும்ப அழைக்கும் வேலையை மருத்துவமாது ஏற்றுக்கொண்டார். நான் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினேன். படியில் தொங்கிக்கொண்டு சந்தி வரை போய், அங்கிருந்து தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறினேன். மலை முகிலுக்குள் இருந்தது. மூச்சு வாங்கியது. அவருக்கு நான் சொன்ன பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. சாப்பிடாத பெண்ணைப் பார்த்து, ஏன் சாப்பிடவில்லை என்று குறை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

லயத்தில் அவர் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா பூட்டியிருந்தது. பக்கத்துக் காம்பராவில் ஒரு அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"விடியவே வலி எடுத்துருச்சுங்க மிஸ். இன்னும் நாள் இருக்குன்னு சொன்னா. லொறியில ஏத்தி மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க."

"கார்ட எடுத்துட்டுப் போனாங்களா?"

"ஆமாங்க, அது இல்லாமயா."

அந்தக் கார்டில் பத்து என்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் நம்புவார்கள்.

லயத்தில் சிக்னல் இல்லை. கோயில் மேட்டில்தான் கிடைக்கும் என்று அந்த அக்கா முன்னால் ஓடி வழி காட்டினார். டொக்டர் எடுத்தார்.

"சேர், அவங்க இங்க இல்ல. மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. கார்டுல பத்துன்னே இருக்கு சேர்."

"அழாதையும். நான் அங்க கதைக்கிறன். நீர் அந்த இடத்திலயே நில்லும்."

நின்றேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க மிஸ், என்ன ஆச்சு?"

"நான் தப்பா எழுதிட்டேன் அக்கா. அவங்க ஒடம்புல ரத்தமே இல்ல. இருக்குன்னு எழுதிட்டேன்."

அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "அவ புள்ளைக ரெண்டும் பிள்ளைக் காம்பராவுல இருக்குதுக" என்று மட்டும் சொன்னார். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் அந்தக் கட்டடம் கீழே தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. செத்துவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு யோசனை போகவில்லை.

ஃபோன் அடித்தது.

"பிள்ளை பிறந்திட்டுது. தாய்க்கு இரத்தம் போகுது. பத்து எண்டு பார்த்து, சமாளிக்கலாம் எண்டு இருந்திருக்கினம். நான் சொன்னதும் பதுளைக்கு ஏத்தீட்டினம். அங்க இரத்தம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறன்."

"பிழைப்பாங்களா சேர்?"

"தெரியாது பிள்ளை."

அவர் பிழைத்தார். அது தெரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் பதுளையில் வார்டுக்குப் போனேன். கையில் ஊசியோடு படுத்திருந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"புள்ளையக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்களாம் மிஸ். எனக்கு எந்திரிக்க முடியல. நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்களேன்."

போய்ப் பார்த்தேன். பெண் குழந்தை. என் முழங்கை நீளம்கூட இல்லை. கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து சொன்னேன். அதன் பிறகு மற்றதையும் சொன்னேன். விளக்கு, பூச்சியம் என்றெல்லாம் சொல்லவில்லை. "உங்களுக்கு ஆறே முக்கால்தான் இருந்துச்சு. அவசரத்துல பத்துன்னு எழுதிட்டேன்" என்றேன்.

கட்டில் ஓரத்தில் நின்ற கணவர்தான் பேசினார்.

"நாங்க உங்க பேப்பரத்தான மிஸ் நம்புறோம். எங்களுக்கு வேற என்ன தெரியும்? நீங்களும் நம்ம ஆளு. நீங்களே இப்புடின்னா?"

கரண்ட் வெட்டைச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸைச் சொல்லியிருக்கலாம். கால் மணி நேரம் காத்திருக்காதவள் நான்.

டொக்டர் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் ஏறியது. வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். "விட்டுட்டுப் போம். அடுத்த கிளினிக்குக்கு ஆர் இரத்தம் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

குழந்தை ஒரு மாதத்துக்கு மேல் பதுளையில் இருந்து வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு அந்தத் தாய் எங்கள் கிளினிக்குக்கு வரவில்லை. கணவர் அவரை வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக மருத்துவமாது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ரெண்டு பஸ் மாறணும் தங்கச்சி, கைப்புள்ளையோட. நான் போய்ப் பேசிப் பாக்கவா?"

"வேணாங்க அக்கா" என்றேன். "அவங்க போகட்டும்."