இரண்டு கோடும் ஒரு புள்ளியும்

எனக்கு எண்பத்து நான்கு வயது. பெற்றது எட்டு, வளர்த்து ஆளாக்கியது ஆறு. ஆறு பேரில் ஒருவர் உடம்பிலும் ஒரு சிரங்குத் தழும்பு கிடையாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர், படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலை, சொறிக்கு வேப்பெண்ணெய், தலைக்கு அரப்பு, உடம்புக்குப் பயத்தமாவு. இதெல்லாம் எல்லார் வீட்டிலும் செய்ததுதான். ஆனால் எதைப் போடுவது என்று ஓடுவதற்கு முன்னால் எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். அதை நான் மூத்த மகளின் முகத்தில்தான் படித்தேன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் கல் ஏற்ற வண்டி மாட்டை ஓட்டிக்கொண்டு அங்கே போயிருந்தார். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் நான், மாமியார், எட்டு மாதக் கைக்குழந்தை, மூன்று பேர்தான். அவர் வாங்கி வைத்திருந்த புது வேட்டி ஒன்று முதல் வெளுப்புக்குப் போய் வந்திருந்தது. பழைய தூளித் துணி நைந்து போனதால் அதை எடுத்துத் தூளி கட்டினேன்.

மறுநாள் பிள்ளையின் இடது கன்னம் சிவந்திருந்தது. எறும்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பொழுது சாய்வதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நீர் கோத்துக்கொண்டது. கண் இமையும் தடித்தது. மாமியார் ஒரு தடவைதான் பார்த்தார்.

"ஆத்தா வந்திருக்காடி. எண்ணெய எடுத்து உள்ள வை. இனி இந்த ஊட்டுல தாளிக்கக் கூடாது."

வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது. பிள்ளைக்கு எண்ணெய் கூடாது, தண்ணீர் கூடாது. பிள்ளையைத் தூளியிலிருந்து இறக்கச் சொன்னார். அம்மை கண்ட உடம்பை வெளுத்து வந்த துணியில் கிடத்துவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவர் உடுத்தாத வேட்டியென்றால் இன்னும் சுத்தம். தூளியில் கிடந்த அதே வேட்டியை அவிழ்த்து, நாலாய் மடித்து விரித்து, பிள்ளையைப் போட்டார். வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அம்மைக்குத் தன் பிள்ளைகள் இரண்டைக் கொடுத்தவர் அவர்.

எங்கள் பக்கத்தில் அம்மை இறங்கிப் போகும்போது கண்ணை எடுத்துக்கொண்டு போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளையின் இடது கண் வீங்கி மூடியே போய்விட்டது.

ஆனால் ஒன்று இடித்தது. நெற்றியில் கை வைத்தால் சில்லென்று இருந்தது. பாலும் குடித்தாள்.

"ஏனுங்க அத்தை, மேலு சுடவே இல்லீங்களே?"

"உள்ளுக்குள்ள காயும். நீ கண்டியா? வாய மூடிக்கிட்டுக் கூழக் காய்ச்சு."

அடுத்த நாள் வலது காதோரமும் பொரிந்தது. முதல் நாள் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. இடது பக்கம் வலிக்கிறதே என்று நான்தான் பிள்ளையை வலது பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தேன். வயிறு, முதுகு, கால் எல்லாம் வழவழவென்று கிடந்தன. ஆத்தா என்றால் உடம்பெல்லாம் முத்துப் போடுவாள், முகத்தோடு நிற்க மாட்டாளே என்று யோசித்துக்கொண்டே பிள்ளையின் தலைக்கடியில் கையை விட்டேன். அங்கே வேட்டியின் மூலை இருந்தது. அதில் வண்ணார் போட்ட குறி.

யார் வீட்டுத் துணி என்று தெரிய வண்ணார் சேங்கொட்டை என்கிற காட்டுக் கொட்டையின் கறுத்த பாலைத் தொட்டு மூலையில் குறி போடுவார். எங்கள் வீட்டுக்கு இரண்டு கோடு, ஒரு புள்ளி. துணி கிழிகிற வரை போகாது. எல்லார் வீட்டுத் துணியிலும் இருப்பதால் அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. நான் பிறந்தது சேந்தமங்கலம். கொல்லிமலையிலிருந்து சேங்கொட்டை மூட்டை அங்கேதான் இறங்கும். மூட்டை அவிழ்க்கிறவர்கள் கையில் எண்ணெய் பூசிக்கொண்டுதான் தொடுவார்கள். பூசாமல் தொட்ட கை பணியாரமாக உப்பியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பழைய துணியில் வெளுத்து வெளுத்து அதன் காரம் அடங்கியிருக்கும், இந்த வேட்டியிலோ குறி புதுசு.

எடுத்தவுடன் சொல்லியிருந்தால் மாமியார் கேட்டிருக்க மாட்டார். பிள்ளைக்குக் கீழே வேறு பழஞ்சேலையை விரித்தேன். அந்த மூலையைத் தண்ணீரில் நனைத்து என் முழங்கை மடிப்பில் வைத்து இறுகக் கட்டினேன். அதோடு உட்கார்ந்து கேழ்வரகு அரைத்தேன். வேர்வை ஊற ஊற அரைத்தேன். எனக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

வந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் கை தினவெடுத்து, சிவந்து, நீர் கோத்தது. மாமியாரிடம் போய்க் கையை நீட்டினேன். அவர் பின்னுக்கு நகர்ந்தார்.

"அய்யோ, உனக்குமா எறங்கிட்டா? கும்புட்டுக்கடி, கும்புட்டுக்க."

என் அத்தாட்சியே எனக்கு எதிராகப் போயிற்று. ஆனாலும் கையை மடக்கவில்லை.

"நல்லாப் பாருங்க அத்தை. ரெண்டு கோடு, ஒரு புள்ளி. ஆத்தா வண்ணாரு குறியவா போடுவா?"

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். "அட ஆமா, உங்க ஊட்டுக் குறிதான். உன்னையும் வெளுக்கப் போட்டுட்டாங்களா அம்மிணி?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நான் உள்ளே போய் எண்ணெய்க் குடுவையை எடுத்தேன். மாமியார் குறுக்கே நின்றார்.

"ஆத்தா இருக்கற ஊட்டுல எண்ணெய தொடறே. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் மவன் வந்து உன்னய வெச்சுக்க மாட்டான். சொல்லிட்டேன்."

"ஒண்ணு ஆச்சுன்னா நானே இருக்க மாட்டேனுங்க" என்றேன். அவரைச் சுற்றிக்கொண்டு போனேன், எண்ணெய் சேலையெல்லாம் சிந்தியது. தேங்காய் எண்ணெயைப் பிள்ளையின் கன்னத்திலும் காதோரத்திலும் பஞ்சால் ஒற்றினேன். கண்ணுக்குள் போகாமல் இமையைச் சுற்றிப் பூசினேன். மாமியார் மாரியாத்தா பேரைச் சொல்லிக்கொண்டே அழுதார். நான் தப்பென்றால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாமல் இல்லை.

நீர் வடிவது முதலில் நின்றது. புதுக் கொப்புளம் எழும்பவில்லை. பிறகு ஒரு காலையில், பால் குடித்துக்கொண்டிருந்தவள் இடது கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள். விரலை அந்தப் பக்கமாக ஆட்டினேன். கண் கூடவே வந்தது. அப்போதுதான் நான் அழுதேன்.

மாமியார் ஒரு குச்சியால் அந்த வேட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே போட்டார். அக்கம்பக்கத்தில் "ஆத்தா மனசெறங்கிப் போயிட்டா" என்றே சொன்னார். சொல்லட்டும் என்று விட்டேன். அடுத்த தடவை வண்ணார் வந்தபோது மட்டும் அவரே எழுந்து போய், "புள்ளத் துணிக்கு மை வேண்டாம், நூலுல முடிச்சுப் போட்டுக்க" என்றார்.

எழுத்துக் கூட்டி இவ்வளவுதான் எழுத முடிந்தது. கண்ணு, இங்கே வா. முதலிலிருந்து படி, கொஞ்சம் சத்தமாகவே படி. உள்ளே உன் பெரிய அத்தை படுத்திருக்கிறாள், அது அவள் கன்னத்துக் கதை. ஆத்தா வந்து போனாள் என்றே இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.