யூரிம் வீட்டுக்கு ஒரு கர்ட்டன்

தேகு நகரத்துத் துணிச் சந்தையில் பொக்சுன் கர்ட்டன் கடை வைத்திருந்தாள். அவளுடைய தங்கை யூரிம், ஜன்னலுக்குக் கர்ட்டனே வேண்டாம் என்று சொல்லிப் பேர் வாங்கியவள். ஓர் அக்காவுக்கு இதைவிட என்ன கேடு வரவேண்டும்?

யூரிம் வீட்டு அலங்காரம் எங்கும் படித்தவள் இல்லை. சியோலில் அழகுப் பொருள் விற்கிற வேலை, மொட்டைமாடியில் ஒற்றை அறை. ஒரு குளிர்காலம் பொழுது போகாமல் சுவரில் ஒட்டியிருந்த பழைய காகிதத்தைக் கிழித்தாள். அலமாரியைத் திருப்பிப் போட்டாள். அக்கா தைத்துக் கொடுத்த பூப்போட்ட கர்ட்டனைக் கழற்றி மடித்து வைத்தாள். வெயில் நேரே தரையில் வந்து விழுந்தது. அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டாள். வீட்டுக்காரி திட்டினாள், பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். முதலில் பக்கத்து அறைக்காரி கூப்பிட்டாள், அப்புறம் ஒரு காப்பிக் கடை, அப்புறம் ஒரு நடிகை. நடிகையின் வீடு டிவியில் வந்ததும் யூரிம் பெயருக்கு முன்னால் ‘பிரபல’ என்று ஒட்டிக்கொண்டது.

பொக்சுன் கடைக்கு வந்தவர்கள் செல்போனை நீட்டினார்கள்.

“இது உங்க தங்கச்சிதானே? எங்க வீட்டுக்கும் இதே மாதிரி வேணும்.”

“இதுல கர்ட்டனே இல்லையேம்மா.”

“அதாங்க அழகு!”

“எங்க யூரிம் சின்ன வயசுலயே கெட்டிக்காரி” என்று பொக்சுன் சிரிப்பாள். அவர்கள் போனதும் கத்தரிக்கோல் மேசையில் விழுகிற சத்தம் பக்கத்துக் கடைவரை கேட்கும்.

“கத்தரிக்கோல் என்ன பாவம் பண்ணுச்சு அக்கா?” என்பாள் பக்கத்துக் கடையில் போர்வை விற்கிற ஒக்நாம்.

யூரிம் சொந்த வீடு வாங்கினாள். புதுவீட்டு விருந்து அன்றைக்கே டிவிக்காரர்களும் வருவதாக இருந்தது. அந்த வீட்டில் ஒரு ஜன்னலிலாவது தன் துணி தொங்க வேண்டும் என்று பொக்சுன் முடிவு கட்டினாள். வெயில் ஊடுருவுகிற மெல்லிய நார்த்துணி எடுத்து, பூ ஒன்றும் இல்லாமல், கையாலேயே ஓரம் தைத்தாள். ஒரு தையல் சாய்ந்தாலும் பிரித்துப் போட்டாள்.

விருந்துக்கு வந்தவர்கள் அந்த ஊர் வழக்கப்படி கட்டுக் கட்டாக டாய்லெட் பேப்பர் கொண்டுவந்தார்கள், சுருள் அவிழ்வதுபோல் காரியமெல்லாம் தடையில்லாமல் அவிழட்டும் என்று. நடிகைகூட ஒரு கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

யூரிம் அக்காவின் மூட்டையைப் பிரித்தாள். “தையல் எங்க இருக்குன்னே தெரியலையே அக்கா!”

“எந்த ஜன்னலுக்குப் போடப்போற?”

யூரிம் துணியைத் தடவிக்கொண்டே நின்றாள். “ஜன்னலுக்கு வேண்டாமே அக்கா.”

பொக்சுன் கடித்த கொழுக்கட்டையைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

அதற்குள் வாசலில் கேமராக்காரர்களின் குரல் கேட்டது. யூரிம் திரும்பிப் பார்த்தாள். கூடத்தை ஒட்டிய சாமான் அறையில் டாய்லெட் பேப்பர் மலைபோல் குவிந்து கிடந்தது. மறைக்கக் கதவு இல்லை. வீடு விசாலமாகத் தெரியட்டும் என்று அவளே கழற்றிப் போட்டிருந்தாள்.

“ஐயோ! அக்கா, ஸ்டூலை எடு!”

“கதவைக் கழற்றின மகராசிக்கு இப்ப நான் வேணுமா?” என்றாலும் பொக்சுன் ஏறிவிட்டாள். கூடவே கொண்டுவந்திருந்த கம்பியை அறை வாசலில் பொருத்தி, வழக்கம்போல் துணி தரையைத் தொடும்படி கோத்தாள். அப்போதுதான் குளிர் நுழையாது.

“ஒரு சாண் மேல தூக்கு அக்கா.”

“குளிரும்டி.”

“டாய்லெட் பேப்பருக்கா?”

பொக்சுன் பல்லைக் கடித்துக்கொண்டு மேல்பக்கம் மடித்துத் தூக்கினாள். துணி லேசாக அசைந்தது, அதன் அடியில் வெயில் ஒரு கோடாகக் கிடந்தது. யூரிம் சொன்னதுதான் சரி. பொக்சுனுக்கு அதுதான் அதிகமாக எரிந்தது.

“எங்க அக்கா தைச்சது” என்று யூரிம் கேமராவிடம் சொன்னதைப் பொக்சுன் காதாரக் கேட்டாள். டிவியில் வந்தபோது கர்ட்டன் இருந்தது, அந்தப் பேச்சு மட்டும் இல்லை.

மறுநாள் காலையிலேயே ஒருத்தி வந்தாள். “யூரிம் கர்ட்டன் இருக்கா?”

“அந்தப் பேர்ல இங்க எதுவும் இல்ல.”

“நேத்து டிவில வந்துச்சே!”

“அது பொக்சுன் கர்ட்டன்.”

“பொக்சுனா? யாரு அது?”

அடுத்த கடையில் ஒக்நாம் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பொக்சுன் அளவு நாடாவை உதறினாள்.

“ஜன்னல் அகலம் சொல்லுங்க.”

“ஜன்னலுக்கு இல்லங்க. டாய்லெட் பேப்பர் அடுக்கி வெச்சிருக்கற இடத்துக்கு.”

பொக்சுன் உயரத்தைக் கேட்டு, அதில் ஒரு சாண் கழித்து அளவு எழுதிக்கொண்டாள்.