வரம்பில் நின்று கேட்ட சோறு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பின்னாளில் படித்த பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில் எழுந்து பேசினேன்; ஒருவராலும் என் வாயை அடைக்க முடியவில்லை. "இந்தப் பேச்சை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்பார்கள். ஒரு பேச்சுக்காக ஊரே என்னைத் தள்ளிவைத்தது, அப்போது கற்றது என்பேன்.

இரண்டாம் உலகச் சண்டைக்குச் சில வருடங்கள் முந்திய கதை. தகப்பன் இல்லாத என்னை, அம்மாவின் தம்பிதான் வேலைக்குச் சேர்த்துவிட்டார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வயல்வெளி; அந்த வட்டை முழுவதும் போடியார் என்று நாங்கள் அழைக்கும் ஒரே நிலக்காரருடையது. மாமா அங்கே முல்லைக்காரர், வேலையாட்களுக்கெல்லாம் தலைவர். அவருடைய மகளை எனக்கென்று சிறுவயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் அவளைத் தவிர உலகத்தில் வேறு பெண் இருப்பதாகத் தெரியாது.

அறுத்துக் குவித்த கதிரைக் களத்தில் மாடு விட்டு மிதிக்கும் காலம், சூடு மிதிக்கும் காலம், வந்தது. களத்துக்குள் கால் வைத்தால் எங்கள் ஆட்களின் பேச்சே மாறிவிடும். நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை, முடிந்தது, போதாது என்பதற்கு நாங்கள் சொல்லும் காணாது என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. வந்தால் பூதம் விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். அதெல்லாம் நன்றாகத் தெரிந்த நான்தான், வெயிலில் மாடுகளோடு சுற்றி வந்த பசியில், களத்தின் நடுவில் நின்று கத்தினேன்: "இந்தச் சோறு எங்களுக்குக் காணாது!"

மாடுகள்கூட நின்றுவிட்டன. போடியார் வெற்றிலையைத் துப்பினார்.

"ஆர்ரா இவன், என்ட களத்தில நிண்டு காணாதெண்டு சொல்றவன்?"

"என்ட அக்காட மகன், போடியார்" என்றார் மாமா, தலையைக் குனிந்தபடி.

"அவனைக் கலைச்சுப்போட்டு மறுகா மாட்டை ஓட்டு."

அந்தமுறை விளைச்சல் குறைந்தது. மழை பிந்தியதால் குறைந்தது. பழி என் நாக்கின்மேல் விழுந்தது. எந்த வட்டையிலும் எனக்கு வேலையில்லை. மாமா கல்யாணப் பேச்சையும் நிறுத்திவிட்டார். அவர் மகளை, என் மச்சாளை, பார்க்கப் போனேன். வேலிப் படலையைத் திறக்காமலே பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சோத்தை ஆக்கினது நான். அரிசி போடியார் அளந்து தந்தது. நானென்ன, மணலைப் போட்டா கூட்டி ஆக்கிறது?"

"உன்னைச் சொல்லல்ல புள்ள."

"ஊர் அப்படித்தானே கதைக்குது. போ மச்சான், அப்பா வாறார்."

போய் வாவியில் தோணி ஓட்டினேன். கிழக்கே எழுவான்கரையிலிருந்து வயல் வேலைக்கு வரும் ஆட்களை அக்கரை சேர்ப்பது என் தொழில். நடு வாவியில் இறங்கி ஓட முடியாதவர்களிடம் பேசினால் கேட்காமல் என்ன செய்வார்கள்? நான் சொன்னது ஒன்றுதான்.

"களத்துக்குள்ள சொன்னாத்தானே பூதம் வரும்? வெளிய வயல் வரம்பில நிண்டு சொன்னா ஆர் வரும்?"

"போடியார்தான் வருவார்" என்றான் ஒருவன். தோணி கவிழும்படி சிரித்தார்கள். ஆனாலும் யோசித்தார்கள்.

அடுத்த சூட்டுக்கு ஆட்கள் களத்தில் இறங்கவில்லை. வரம்பிலேயே வரிசையாகக் குந்திவிட்டார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. போடியார் மாமாவிடம், "முல்லைக்காரன், உன்ட ஆக்களை இறக்கு" என்றார்.

 மாமா சொன்னால் இறங்கிவிடுவார்கள். பிறகு மச்சாளை நான் மறந்துவிட வேண்டியதுதான். மாமா களத்தைத் தொட்டுக் கும்பிட்டார். வெளியே வந்து வரம்பில் ஏறி நின்று, மிக மரியாதையாகச் சொன்னார்:

"போடியார், இதுகளுக்குச் சோறு காணாது."

போடியார் வானத்தைப் பார்த்தார், மிதிக்காமல் கிடந்த கதிர்ச் சூட்டைப் பார்த்தார். "சரி, அரிசியைக் கூட்டி அளக்கச் சொல்லு. மழைக்கு முன்ன மாட்டை இறக்கு."

அன்று முதல் அந்த வட்டையில் எவனும் அரை வயிற்றோடு மாடு ஓட்டவில்லை. என்னால்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாமா என்னைக் கடந்து போகையில், "மருமகன், தோணியக் கட்டிப்போட்டுட்டு வீட்ட வா" என்றார். "அவளும் இன்னும் எத்தின மாப்பிள்ளைய வேணாமெண்டு சொல்றது?"

ஆவணியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நான் பெட்டியோடு அங்கே குடிபோனேன். முதல் நாளே மச்சாள் சொல்லிவிட்டாள்: "ஊருக்கு நீ தலைவராயிரு மச்சான். இது என்ட வீடு. கிணத்தில தண்ணி அள்ளிக்கொண்டு வா."

அள்ளிக்கொண்டு வந்தேன்.